தலைத் தீபாவளி வரைக்கும்

பால் இறங்கட்டும் முதலில். பால் இருக்கிற வயிற்றில் இந்த மாத்திரை போனால் பாலோடு கட்டிக்கொண்டு பாலோடே வெளியே போய்விடும், முகத்துக்கு ஒன்றும் வந்து சேராது என்று அந்தத் தோல் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த வீட்டில் மருமகள் காலையில் பால் குடிக்காவிட்டால் அடுப்பே மூட்டமாட்டார்கள் போலிருக்கிறது. பாதாம் அரைத்துவிட்டு, ஏலக்காய் தட்டிப்போட்டு, இருக்கிறதிலேயே பெரிய டம்ளரில் மாமியார் கொண்டுவந்து நீட்டுவாள், கடைசிச் சொட்டு உள்ளே போகிறவரை நகரமாட்டாள். "குடிச்சுட்டயா கண்ணு?" "குடிச்சுட்டனுங்க அத்தை." "அப்பத்தான் மொகம் இப்பிடியே இருக்கும்." முகம் இப்படியே இருப்பதற்கு நான் படுகிற பாடு உனக்குத் தெரிந்தால் அந்த டம்ளரை என் தலையிலேயே கவிழ்ப்பாய். அவர் கறி வாங்கப் போயிருக்கிறார். புரட்டாசி பிறந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு இந்த வீட்டுக்குள் கறி வராது, ஆவணியின் கடைசி ஞாயிறு என்று கடையில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கும், இப்போதைக்குத் திரும்ப மாட்டார். அதற்குள் எனக்கு ஒரு முறம் சின்ன வெங்காயம். கண் எரியக் கூடாதென்று தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கொடுத்திருக்கிறாள் அத்தை. நல்ல மனசு. அழுவதற்கு இருந்த ஒரு சாக்கும் போயிற்று. நைட்டிப் பையில் மாத்திரை இருக்கிறது. சத்தம் வரக் கூடாதென்று அட்டையிலிருந்து ஒற்றையாகக் கத்தரித்து வைத்திருக்கிறேன், அசையும்போதெல்லாம் அதன் மூலை தொடையில் குத்துகிறது. இன்றைக்குப் போடலாமா, கூடாதா. நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேலே ஆகிவிட்டது.

எனக்கே அது உறைத்தது காலையில்தான். மாத்திரை அட்டையை நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். அம்மா காட்டிக்கொடுத்த இடம் அது. "அதுக்குள்ள எவளும் கை உட மாட்டா" என்றாள், சரியாகத்தான் சொன்னாள். தினம் கையை விட்டு ஒன்று எடுக்கிறேன், பாக்கெட் அப்படியே இருக்கிறதே, குறையவில்லையே என்று ஒருநாளும் தோன்றவில்லை, இன்றைக்குத் தோன்றிவிட்டது. தோன்றாமலே இருந்திருக்கலாம். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னது கல்யாணத்துக்கு முன்னால். "மேனகா, கல்யாணம் ஆனதுக்கப்பறம் நாள் தள்ளிப்போச்சுன்னா அன்னைக்கே நிறுத்திடணும். குழந்தையோட எலும்புலயும் பல்லுலயும் போய் உக்காந்துக்கும் இந்த மருந்து." அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலில் ஐயர் சொல்கிற மந்திரத்துக்கு ஆட்டுகிற மாதிரி மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு மேலே தினமும் முழுங்கியிருக்கிறேன். ஒருவேளை அது சும்மா தள்ளிப்போயிருக்கலாம். இடம் மாறினால் தள்ளிப்போகும், தண்ணீர் மாறினால் தள்ளிப்போகும், காலேஜ் ஹாஸ்டலில் முதல் வருஷம் எனக்கே போனதுதான். சும்மா தள்ளிப்போனதற்கு மாத்திரையை நிறுத்திவிட்டு முகம் முழுக்க வாரிக்கொண்டால்? சும்மா இல்லை என்றால்? மஞ்சள் பல்லோடு ஒரு குழந்தை சிரிக்கிறது. யாரோ கேட்கிறார்கள், ஏன் பல்லு இப்பிடி இருக்குது. கருப்பட்டின்னா உசுருங்க அவனுக்கு, அதான் என்று என் அம்மா சட்டென்று சொல்கிறாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். உரித்த வெங்காயத்தை நான் தோலுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறேன், தோலைப் பாத்திரத்தில்.

ஒன்பதாவது படிக்கும்போது ஆரம்பித்தது. நெற்றியில் நாலு, கன்னத்தில் ஆறு என்று வந்து, அரைப் பரீட்சைக்குள் இடமே இல்லாமல் நிரம்பிவிட்டது. பையன்கள் பலாப்பழம் என்றார்கள். பின்னாலிருந்து மெதுவாக, பலாப்பழம் போகுது பாரு என்பார்கள், ஈ மொய்ப்பதற்குள் என்று நான் வேகமாக நடப்பேன். சூடு என்றாள் அம்மா. எது வந்தாலும் அவளுக்குச் சூடு. மெடிக்கல் ஷாப்காரர் ஒரு மாத்திரை கொடுத்தார், அஞ்சு நாள் போட்டதும் அடங்கியது, அடங்கியதும் நிறுத்தினாள், நிறுத்தியதும் வந்தது, வந்ததும் மறுபடி அதே மாத்திரை. பிறகு அதற்கு அடங்கவில்லை. வேறொன்று கொடுத்தார். அதற்கும் பிறகு அடங்கவில்லை. டாக்டரம்மாவிடம் போனபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஏம்மா, இது என்ன முறுக்கா, கேக்கறப்பல்லாம் வாங்கிக் குடுக்கறதுக்கு? பாதியில நிறுத்தி நிறுத்தி, அந்தக் கிருமிக்கு நீங்களே பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க." டாக்ஸிசைக்ளின் என்று எழுதினாள். மூன்று மாதம், கூடவே தடவுவதற்கு ஒரு ஜெல், அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெல் மட்டும். மாத்திரை சூடாயிற்றே என்று அம்மா ஒரு மாதம் பாலில்தான் கொடுத்தாள், தினமும் ஆற்றி ஆற்றி, ஆசையாக. ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீரில் போட ஆரம்பித்ததும் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்குப் பேராசை பிடித்தது. மாதக் கணக்கை மறந்தாள், அவளுக்கு விசேஷக் கணக்கு. பெண் பார்க்க வருகிறவரைக்கும் போடு. வந்தார்கள், பிடித்துப்போயிற்று, நிச்சயம் வரைக்கும் போடு. முகூர்த்தம் வரைக்கும். மறுவீடு வரைக்கும். இப்போது தலைத் தீபாவளி வரைக்கும். டாக்டரம்மா முடியாது என்று சொல்லி மூன்று விசேஷம் ஆகிவிட்டது, பழைய சீட்டு ஒன்று அம்மாவின் பர்ஸில் நாலாக மடித்தபடி கிடக்கிறது, ஊர்க் கடையில் அதைக்கூட யாரும் கேட்பதில்லை. தலைத் தீபாவளிக்கு அப்புறம் பொங்கல் வரும். பொங்கலுக்கு அப்புறம் இவர் தங்கச்சி கல்யாணம். நான் சாகிறவரைக்கும் ஊரில் விசேஷம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது, என்னைக் கேட்டால். அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து, பிறகு கன்னத்தைத் தொட்டாள். அதற்கு முன்னால் வந்துபோன இரண்டு இடத்துக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்தவர்கள். "பொண்ணு லட்சணந்தான், மூஞ்சியச் சரி பண்ணிக்கிட்டுக் கூப்பிடுங்க" என்று புரோக்கர் போனில் சொன்னதை அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார், நான் அடுத்த அறையில் இருந்தேன். இவள் தொட்டாள். "என்ன போடுவ கண்ணு மொகத்துக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவுந்தானுங்க. வேறொண்ணு தொட்டதே இல்ல, பவுடர்கூடப் போட மாட்டா." அத்தையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்றிலிருந்து ஒறம்பரை, சொந்தம் என்று எல்லார் வீட்டிலும் அதுதான் பேச்சு, என்ற மருமக கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவுந்தான், வேறொண்ணு தொட்டதே இல்ல. இவர் அக்கா மகள் ஹர்ஷிதா ப்ளஸ் டூ படிக்கிறாள். நான் ஒன்பதாவதில் இருந்த அதே முகம், அதே மாதிரி முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பது. நேற்று மாதிரித்தான் இருக்கிறது, அவள் என்னைத் தேடி இந்தச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றது. "அத்தை, லீவு பூராவும் கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் போட்டனுங்க. எனக்கு மட்டும் ஏன் போக மாட்டீங்குது?" மஞ்சள் கறை காதோரம் இருந்தது, அதற்குக் கீழே சீழ் வைத்திருந்தது. என்னைத் தவிர இந்த வீட்டில் வேறு யாருக்கும் அந்த வலி தெரியாது, தலையணையில் கன்னம் பட்டால் எப்படி இருக்கும் என்று. டாக்டரிடம் போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பொறுமையாப் போடு சாமி, போயிரும்" என்றேன். அவள் நம்பிப் போனாள். என்னை யாரும் ஏமாற்றவில்லை என் பதினாலு வயதில், மெடிக்கல் ஷாப்காரர்கூட ஏதோ தெரிந்ததைத்தான் கொடுத்தார். நான் அவளை ஏமாற்றினேன். அதற்கு என்ன தண்டனையோ தெரியவில்லை, மஞ்சள் பல்லா.

வேண்டாம், அப்படி நினைக்கக் கூடாது. தண்டனை என்று பார்த்தால் ஆடி மாதத்துக்குத்தான் முதலில் வரவேண்டும். ஆடிக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள், புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்திருக்கக் கூடாதே. மாப்பிள்ளை பார்க்கப்போவதில்லை, வயிற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று அம்மா மாத்திரையை நிறுத்தினாள். ஜெல் தீர்ந்திருந்தது, அதை வாங்கவும் இல்லை. பாதி ஆடிக்குள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, போன இடத்திலிருந்து கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு. அப்போது பார்த்து இவர் போன் செய்கிறார், ஆடிப் பெருக்கு அன்றைக்கு ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. அம்மா என்ன செய்தாள்? வாசல் நிலையில் வேப்பிலை கட்டினாள். கட்டிவிட்டு அத்தைக்குப் போன் போட்டாள். "ஆத்தா வந்திருக்கறாளுங்க சம்பந்தியம்மா, மாப்பிள்ளைய இப்பத்திக்கு அனுப்பாதீங்க." அம்மை போட்டவளுக்குச் செய்கிற எல்லாவற்றையும் எனக்குச் செய்தார்கள். பாயில் வேப்பிலை, தலைமாட்டில் வேப்பிலை, தாளிக்காத சோறு, பக்கத்து வீட்டக்கா வாசலுக்கு வெளியே நின்றபடி இளநீர் கொடுத்துவிட்டுக் கையெடுத்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த இளநீரில்தான் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன், காலை ஒன்று மாலை ஒன்று. அம்மா அதைப் பார்த்தபடியே ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தில் தொங்கவிட்டாள், "குத்தம் வெக்காத ஆத்தா, பொட்டப்புள்ள வாழ்க்கை" என்று. இவர் போனில் கெஞ்சினார். "வீடியோல வா மேனகா, ஒரே ஒருக்கா பாத்துக்கறேன்." ஆத்தா இருக்கறப்ப போன்ல மூஞ்சி காட்டக் கூடாதுங்க என்று நான் சொன்னேன். அம்மா சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே வந்தது. அவர் நம்பினார். "சரி சரி, காட்டாத, நல்லபடியா எறங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆவணி பிறந்து நான் இங்கே திரும்பி வந்ததும் கன்னத்தில் மிச்சமிருந்த நாலைந்து வடுவை அவர் விரலால் தடவிப் பார்த்தார், அம்மைத் தழும்பாக்கும் என்று. "பரவால்ல, வழவழன்னுதான் இருக்குது." தினமும் அப்படித் தடவுவார். இன்றைக்குக் காலையிலும் தடவினார், தூக்கத்திலேயே. அவர் தடவுகிறது எந்த மருந்துக் கம்பெனியின் கன்னம் என்று அவருக்குத் தெரியாது. என் கன்னத்தை அவர் இதுவரை தொட்டதே இல்லை. அந்தக் கன்னத்தை யாருக்காவது பிடிக்குமா என்று எனக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்கிற தைரியமும் இல்லை.

போன் அடிக்கிறது. அம்மா. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். "உங்கம்மாதானே? பேசு பேசு, வெங்காயத்த நான் பாத்துக்கறேன்" என்று அத்தை முறத்தை இழுத்துக்கொண்டாள், கருவேப்பிலை பறிக்கிறேன் என்று நான் கொல்லைக்கு வந்துவிட்டேன். "சாமி கும்பிட்டாச்சா அம்மிணி?" மாத்திரை போட்டாயிற்றா என்பதற்கு அவள் வைத்திருக்கிற பாஷை அது. மருமகளுக்குப் பக்தி அதிகம் என்று அத்தைக்கு அதிலும் ஒரு பெருமை. இல்லம்மா என்றேன். நாள் தள்ளிப்போயிருக்குதும்மா என்றேன். "மெய்யாலுமா?" அவள் குரல் அப்படி நடுங்கிக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. "ஒரு வாரத்துக்கு மேலயாச்சு. மாத்திரைய முழுங்கிக்கிட்டேதாம்மா இருந்தேன். கொழந்தைக்கு எதாச்சும் ஆயிருந்தா?" "வாயக் கழுவு. ஒண்ணும் ஆவாது. டாக்டரப் பாக்கலாம். இனிமே அதத் தொடாத, தூக்கித் தொலச்சுரு." இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒன்பதாவதிலிருந்து என்னைத் துரத்தித் துரத்தி முழுங்க வைத்தவள். அம்மா என்றால் அம்மாதான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அப்ப மூஞ்சி?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "அட கிறுக்கு, இனி என்ன பயம்? வயித்துல புள்ள நின்னா மூஞ்சில பரு வரத்தான் செய்யும். எத்தன வந்தாலும் புள்ள மேல போட்டுரலாம். பத்து மாசத்துக்கு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அப்பறம் பால் குடுக்கறவ மூஞ்சிய எவ பாக்கறா? நல்ல நேரத்துலதான் அம்மிணி நின்னிருக்குது." முதலில் கஸ்தூரி மஞ்சள், பிறகு மாரியாத்தா, இப்போது இது. கை முளைக்கவில்லை, கால் முளைக்கவில்லை, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அதற்குள் அதற்கு வேலை கொடுத்துவிட்டார்கள், தன் அம்மாவின் மூஞ்சிக்கு முட்டுக் கொடுக்கிற வேலை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதியாக இருந்தது. ஒரு கொத்துக்கு வந்தவள் கொத்துக் கொத்தாகக் கருவேப்பிலையை ஒடித்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு நிம்மதி. சே என்று எனக்கே என்மேல் வந்தது. மாத்திரையைப் பிரித்துத் தண்ணீர் போகிற வாய்க்காலில் போட்டேன், அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு உள்ளே போயிற்று.

வண்டிச் சத்தம் கேட்டது. கறிப் பையோடு அவர் நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார், ஆட்டுத் தொடை கிடைத்ததைச் சொல்ல வேண்டுமாம். "கடைசிப் பீஸு மேனகா, நான் நிக்கறதப் பாத்து எடுத்து வெச்சிருந்தான்." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். வெயில் என் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பியிருக்க வேண்டும், எப்போதும் திரும்பிவிடுவேன், இன்றைக்கு மறந்துவிட்டது. குனிந்து பார்த்தார். "தாடையில என்ன இது? செவந்து நிக்குது." காலையில் கண்ணாடி பார்க்கவில்லை நான். இந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று பெண்கள் என்னென்னவோ யோசித்து வைத்திருப்பார்கள், நானும் கல்யாணமான புதிதில் யோசித்திருக்கிறேன், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு காதில் சொல்வதாக. "நாள் தள்ளிப்போயிருக்குதுங்க" என்றேன். "அதனால வந்திருக்கும்." அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. பையைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அத்தை வெங்காயக் கையோடு ஓடி வந்தாள். அவர் சொன்னார். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்தப் பருவை உற்றுப் பார்த்தாள், பார்க்கப் பார்க்க அவள் கண் நிறைந்துவிட்டது. "பையந்தான். இவன் வயித்துல இருக்கறப்ப எனக்கும் மூஞ்சி பூராவும் இப்பிடித்தான். வரட்டும் கண்ணு, நல்லா வரட்டும்." என் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். என் பருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் மனுஷி அவள்தான், ஒன்பதாவதிலிருந்து இன்றைக்கு வரைக்கும். அவர் சிரித்துக்கொண்டே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளும் அங்கேதான் பார்த்தாள், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, என்னென்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கையை மெதுவாகத் தூக்கித் தாடையைத் தொட்டுப் பார்த்தேன்.